சர்வீஸ் விட்ட மறுநாள்

நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்களிடம் ஒரு பழைய குறை உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றுமில்லை, சர்வீஸ் விட்டு எடுத்த மறுநாளே ராசிபுரம் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது என்பார்கள். தம்மம்பட்டியில் போர்வெல் மோட்டாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கிய விவசாயி இதையே வேறு வார்த்தையில் சொல்வார். ஆத்தூர், கெங்கவல்லி வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைக்காரர் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: நல்லா ஓடின மெஷின்ல கையை வெச்சதுதான் தப்பு.

மெக்கானிக்கின் கட்சி வேறு. தேய்ந்தது தேய்ந்ததுதான், என்றைக்கோ போகவேண்டியது இன்றைக்குப் போயிருக்கிறது, பழி மட்டும் நம் தலையில் என்பார். இரண்டில் எது உண்மை? பட்டறை வாசலில் பேசித் தீராத இந்த வழக்கை எண்களால் தீர்க்கப் பார்த்தவர் ஒரு உயிரியலாளர். அவர் தேர்ந்துகொண்ட இயந்திரம் போர் விமானம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் பிரிட்டனின் கடலோர விமானப் பிரிவு அட்லாண்டிக்கின் மேல் பறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு 50 மணி நேரப் பறப்புக்கும் ஒருமுறை விமானத்தைப் பிரித்துச் சோதிப்பது வழக்கம். மரபணுவியல் அறிஞர் சி. எச். வாடிங்டனும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் எந்தெந்த விமானத்தில் எப்போது பழுது வந்தது என்று பதிவேடுகளைப் புரட்டினார்கள். சோதனை பயன் தருகிறது என்றால், அது முடிந்த கையோடு பழுதுகள் குறைந்திருக்கவேண்டும். அடுத்த சோதனை நெருங்க நெருங்கக் கூடவேண்டும். பதிவேட்டில் இருந்தது நேர்மாறு. சோதனை முடிந்த உடனே பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன. அடுத்த சோதனை முடிந்ததும் மறுபடி ஏறின.

சோதனையில் கண்டுபிடித்த பழுதுகள் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டனவோ என்று சந்தேகம் வரலாம். அப்படியில்லை. எண்ணப்பட்டவை சோதனைக்குப் பிறகு, எதிர்பாராமல் வந்த பழுதுகள். ஆகவே ஒரே முடிவுதான் மிஞ்சியது: சில பழுதுகளைச் சோதனையே உண்டாக்குகிறது. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 1973-இல் வெளியான வாடிங்டனின் நூல் வழியாக இது வெளியுலகுக்குத் தெரிந்தது. இன்று இதற்கு ‘வாடிங்டன் விளைவு’ என்று பெயர்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை மான்செஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் ஒரு போல்ட்டைக் கொண்டு விளக்கினார். நீளமான ஒரு போல்ட்டில் எட்டு நட்டுகள் வரிசையாக இருக்கின்றன. கழற்றுவதற்கு ஒரே வழிதான். கடைசியில் இருப்பது முதலில் வரும். திரும்ப மாட்டும்போதோ எட்டு நட்டுகளை 40,320 விதமாக அடுக்கலாம். சரியான வரிசை ஒன்றுதான், மற்ற அத்தனையும் தப்பு. ஏதாவது ஒரு நட்டை மாட்ட மறந்துபோகும் வாய்ப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை. எப்படிக் கழற்றுவது என்பதை இயந்திரமே கைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. எப்படி மாட்டுவது என்பதை மனிதன் நினைவில் வைத்திருக்கவேண்டும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், பசியில், பாதி வேலையில் போன் வந்த நிலையில், அந்த நினைவு நழுவத்தான் செய்யும்.

1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் இருவரும் இன்னொரு அதிர்ச்சி தந்தார்கள். பாகங்கள் பழசாகப் பழசாகத்தான் பழுதாகும் என்பது அதுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட நம்பிக்கை. விமானப் பாகங்களின் வரலாற்றை ஆராய்ந்தபோது, வயதோடு சேர்ந்து தேய்ந்து பழுதானவை 11 சதவீதம்தான் என்று தெரிந்தது. 68 சதவீதப் பாகங்களில் ஆபத்து அதிகமாக இருந்தது பொருத்திய புதிதில். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் அவை நெடுநாள் சமர்த்தாக ஓடின. இதை ‘பிள்ளைப் பருவக் கோளாறு’ எனலாம். அப்படிப்பட்ட ஒரு பாகத்தை ‘ஆறு மாதமாகிவிட்டது, மாற்றிவிடு’ என்று மாற்றினால், ஆபத்தைத் தாண்டி வந்த ஒன்றைக் கழற்றிவிட்டு, ஆபத்தில் இருக்கும் ஒன்றை மாட்டுவதாக முடியும்.

இது எல்லா இயந்திரத்துக்கும் அப்படியே பொருந்தாது. பிரேக் லைனிங், பெல்ட், கிழங்கைச் சீவும் ராஸ்பரின் பற்கள் எல்லாம் உண்மையிலேயே தேய்பவை. அவற்றுக்குக் காலண்டர் பார்த்து மாற்றுவதே சரி. மற்றவற்றுக்குக் கேள்வி மாறுகிறது. எத்தனை மாதமாயிற்று என்பதை விட்டுவிட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும், அதையும் திறக்காமலே பார்க்கவேண்டும்.

பழைய ஃபிட்டர்கள் இதை எப்போதோ செய்துகொண்டிருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடும் மோட்டாரின் பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். ‘கரகர’ என்றால் ஒன்று, ‘விசில்’ என்றால் இன்னொன்று. ஸ்மார்ட் ஃபேக்டரி என்று இன்று பெருமையாகச் சொல்லப்படும் ஆலையில் தீப்பெட்டி அளவு அதிர்வு உணரி ஒன்று அந்தக் காதின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அது கேட்பது என்ன? 6205 என்ற பேரிங்கை எடுத்துக்கொள்ளலாம். சிறு மோட்டார்களில் பரவலாகப் பயன்படும் எண் இது; உள்ளே 9 குண்டுகள். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றினால் நொடிக்கு 24 சுற்று. வெளி வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தால், ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு மெல்லிய தட்டு விழும். குண்டுகள் அச்சின் வேகத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகவே உருண்டு சுற்றிவருவதால், கணக்கில் நொடிக்கு ஏறத்தாழ 86 தட்டு வரும். அதே பள்ளம் உள் வளையத்தில் இருந்தால் சுமார் 130. ஆலையின் மொத்த இரைச்சலுக்குள்ளிருந்து 86 என்ற தாளத்தையும் 130 என்ற தாளத்தையும் கணிப்பொறி தனித்தனியே பிரித்துவிடுகிறது. எந்த வளையத்தில் பள்ளம், எத்தனை வாரமாக அது பெரிதாகிறது என்பது மூடியைத் திறக்காமலே தெரிகிறது. இதற்கு ‘நிலையறிந்த பராமரிப்பு’ என்று பெயர் வைக்கலாம்.

இதோடு லாரிக்காரர் வழக்கு தீர்ந்தது: அவசியமில்லாமல் திறக்காதே, காது கொடுத்துக் கேட்டுத் திற. ஆனால் ஆலைப் பாதுகாப்பின் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. எத்தனை உணரி வைத்தாலும் கடைசியில் ஒருநாள் மூடியைத் திறக்கவேண்டும், அதைத் திறக்கப்போவது மனிதன்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பணியாற்றிய லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-இல் சில பக்கக் கட்டுரை ஒன்றில் இந்தச் சிக்கலைப் பிட்டுவைத்தார். தானியங்கி அமைப்பை வடிவமைப்பவர் எளிய வேலைகளை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறார். தானியக்கத்துக்கு எட்டாத கடினமான மிச்சம் மனிதனுக்கு வருகிறது. தினமும் கை பழகினால்தான் திறமை தங்கும். இயந்திரம் நன்றாக ஓடும் நாளெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அது கெட்டுப்போகும் அன்று மட்டும் உள்ளே நுழைந்து சாமர்த்தியம் காட்டச் சொன்னால் எப்படி?

ரோபோ விபத்துகள் இதற்குச் சாட்சி. 1981 ஜூலையில் ஜப்பானின் அகாஷியில் உள்ள ஆலையில் ரோபோ ஒன்றின் கோளாறைப் பார்க்க வேலிக்குள் போன பராமரிப்புத் தொழிலாளி, முழுதாக நிறுத்தப்படாத அதன் கையால் அழுத்தப்பட்டு இறந்தார். 2015 ஆகஸ்டில் ஹரியானாவின் மானேசரில், வாகன உதிரிபாக ஆலை ஒன்றில், இடம் நழுவிய உலோகத் தகட்டைச் சரிசெய்ய அருகே போன இளம் தொழிலாளி வெல்டிங் ரோபோவிடம் சிக்கி உயிரிழந்தார். இரண்டு பேரும் விளையாட்டாக உள்ளே போகவில்லை. கோளாறைச் சரிசெய்யத்தான் போனார்கள். ரோபோ ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால் வேலிக்குள் ஆளுக்கு வேலையே இல்லை. மனித உடம்பும் இயந்திரமும் ஒன்றையொன்று தொடும் நேரம், தானியங்கி ஆலையில், பெரும்பாலும் கோளாறு நேரம்.

ஆகவே பாதுகாப்பின் முதல் கேள்வி: இயந்திரம் நின்றிருக்கிறதா, அல்லது நிறுத்தப்பட்டிருக்கிறதா?

கிராமத்து எலெக்ட்ரீஷியனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மோட்டாரில் கை வைக்குமுன் மெயினை அணைப்பதோடு நிற்காமல் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். தெரியாமல் யாராவது ஸ்விட்சைப் போட்டாலும் மின்சாரம் வராது. தன் உயிரின் சாவி தன் பையிலேயே இருக்கிறது. பெரிய ஆலைகளில் ‘லாக் அவுட்’ என்று சொல்லும் முறை இதன் ஒழுங்குபட்ட வடிவம்தான். மின் பேனலின் ஐசோலேட்டரை இறக்கிப் பூட்டு போடவேண்டும். வேலையில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி. நான்கு பேர் உள்ளே இருந்தால் நான்கு பூட்டுகளும் கழன்ற பிறகுதான் ஐசோலேட்டர் ஏறும். சூப்பர்வைசர் நினைத்தாலும் முடியாது.

ஸ்மார்ட் ஆலையில் இந்தப் பழக்கம் கைநழுவிப் போகும் அபாயம் உண்டு. திரையில் ‘ஸ்டாப்’ என்று தொட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது. ஆனால் பெரும்பாலும் அது ஒரு கட்டளைதானே தவிர மின்துண்டிப்பு ஆகாது. வேறோர் அறையிலிருந்து, வேறோர் உணரி தரும் தகவலால், அதே இயந்திரம் மறுபடி கிளம்பலாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் எஞ்சிய ஆற்றல் எத்தனையோ இடங்களில் ஒளிந்திருக்கும். கனமான ராஸ்பர் உருளை தன் வேகத்திலேயே கொஞ்ச நேரம் சுழலும். காற்றழுத்தக் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் மின்தேக்கியில் சில நிமிடங்களுக்கு உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் நிற்கும். தூக்கி நிறுத்திய ஹைட்ராலிக் மேடை எண்ணெய் கசிந்தால் தானாக இறங்கும். ஆகவே பூட்டுப் போட்ட பிறகு ஒருமுறை ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதிசெய்துகொள்வதும் அந்த முறையில் அடக்கம்.

ஓடும் இயந்திரத்தைத் தொடுவதன் ஆபத்து சட்டத்துக்குப் புதிதில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 22-ஆம் பிரிவில், ஓடும் இயந்திரத்தைச் சோதித்தே ஆகவேண்டிய நிலையில் அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டும், உடம்போடு ஒட்டிய உடை அணிந்து செய்யவேண்டும் என்றது. அந்த உடையை ஆலையே கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. தொங்கும் துண்டையும் லுங்கி நுனியையும் பெல்ட் இழுத்துக்கொண்ட அனுபவம் அந்த வரிக்குப் பின்னால் இருக்கிறது. திரையைத் தட்டினால் கிளம்பும் இயந்திரத்துக்கு ஒட்டிய உடை மட்டும் போதாது.

இத்தனைக்கும் பிறகு விபத்து நடந்தால் முதலில் வரும் வார்த்தை ‘கவனக்குறைவு’. அது நோயின் பெயராகாது. மனிதத் தவறுகளை ரீசன் பகுத்துக் காட்டினார். அவற்றுக்குத் தமிழில் பெயர் தயாராகவே இருக்கிறது. செய்ய நினைத்தது சரி, கை வேறொன்றைச் செய்துவிட்டது என்றால் கைத்தவறு. செய்யவேண்டியது மனதிலிருந்து விழுந்துவிட்டால் மறதி. நினைத்ததே பிசகு என்றால் தப்புக்கணக்கு. தெரிந்தே விதியைத் தாண்டுவது விதிமீறல். நான்குக்கும் மருந்து வெவ்வேறு. கைத்தவறு செய்தவருக்கு வகுப்பு எடுத்துப் பயனில்லை. அவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும்.

கைத்தவறுக்கு மருந்து கண்டவர் அமெரிக்க உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ். 1940-களில் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் தரையிறங்கிய பிறகு இறக்கை மடிப்பைத் தூக்குவதற்குப் பதில் சக்கரத்தை உள்ளிழுத்து, விமானத்தை வயிற்றால் தரையில் உட்காரவைத்தார்கள். விமானி தவறு என்று கோப்பு மூடப்பட்டது. இதே தவறு வேறு சில ரகங்களிலும் நடந்தது, சி-47 விமானிகள் மட்டும் செய்யவே இல்லை. சி-47 விமானிகள் மட்டும் அவ்வளவு கெட்டிக்காரர்களா? சபானிஸ் விமானிகளை விட்டுவிட்டு விமானத்தின் உள்ளே பார்த்தார். தவறு நடந்த ரகங்களில் இரண்டு ஸ்விட்சுகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கான கைப்பிடியில் ரப்பர் சக்கரமும், இறக்கைக்கானதில் ஆப்பு வடிவக் கட்டையும் ஒட்டினார்கள். விபத்து நின்றது. இன்றைக்கும் விமானங்களில் சக்கரக் கைப்பிடி சக்கர வடிவத்திலேயே இருக்கிறது.

விதிமீறலும் முதலில் தோன்றுவதுபோல் எளிதல்ல. பாதுகாப்புக் கதவு மூடியிருந்தால்தான் இயந்திரம் ஓடும் என்பது இன்டர்லாக். அந்த உணரியின் மேல் டேப் ஒட்டியோ, வயரை ஷார்ட் செய்தோ பைபாஸ் போடுவது ஆலைகளில் ரகசியமில்லை. ஒரு ஷிஃப்டில் பத்துத் தடவை நூல் அறுந்தாலோ தகடு சிக்கினாலோ, பத்துத் தடவையும் கதவைத் திறந்து, மூடி, இயந்திரம் தயாராகக் காத்திருக்கவேண்டும். டார்கெட் மட்டும் குறையாது. பைபாஸ் போட்டவரைப் பிடிப்பதோடு, தகடு ஏன் பத்துத் தடவை சிக்கியது என்று கேட்டால்தான் டேப்புக்குத் தேவை இல்லாமல் போகும்.

மனிதனை நம்பவேண்டாம், உணரியை நம்பலாம் என்று முடிவு கட்டினால் விசாகப்பட்டினம் குறுக்கே நிற்கிறது. 2020 மே 7 அதிகாலையில் அங்கே எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் எம்-6 தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கால் ஆலை வாரக்கணக்கில் ஓடாமல் இருந்தது, ஸ்டைரீனோ தொட்டியில் தங்கியிருந்தது. அது சும்மா கிடக்கும் திரவமில்லை. சூடு ஏறினால் தன் மூலக்கூறுகளோடு தானே சங்கிலியாகச் சேரும். சேரும்போது மேலும் சூட்டை வெளியிடும். அந்தச் சூடு சேர்க்கையை இன்னும் விரைவாக்கும். அதனால்தான் குளிரூட்டி, தடுப்பு வேதிப்பொருள் கலந்து வைக்கிறார்கள்.

தொட்டியில் வெப்பமானி இருந்தது. அது பொய் சொல்லவும் இல்லை. ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு கண்டது இது: வெப்பத்தை அளந்த இடம் தொட்டியின் அடிப்பகுதி. கோடையில் கிணற்றில் குதிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும், மார்பளவு தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும், கால் எட்டும் ஆழம் சில்லென்று இருக்கும். தொட்டியிலும் அப்படித்தான் அடுக்கு பிரிந்திருந்தது. 2019 டிசம்பரில் குழாய் அமைப்பில் செய்த ஒரு மாற்றத்தால் குளிர்ந்த திரவம் மேல்மட்டம்வரை சுற்றிக் கலக்கவில்லை. கீழே இருந்த வெப்பமானி இயல்பான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, மேலே சூடு கொதிநிலைக்குப் போய்க்கொண்டிருந்தது. உணரி தான் நிற்கும் இடத்தை மட்டும் அறியும். எங்கே நிறுத்துவது, குழாயை மாற்றிய பிறகு அந்த இடம் இன்னும் பொருத்தமா என்று யோசிப்பது மனித வேலை, அதிலும் பராமரிப்பு வேலை.

உணரிகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் வேறொரு சிக்கல் வரும். 1994 ஜூலையில் வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடத்தில், ஆலையை இயக்கிய 2 பேர் 275 எச்சரிக்கை மணிகளைச் சமாளிக்கவேண்டியிருந்தது. அன்று திறந்திருப்பதாகத் திரை காட்டிய வால்வு ஒன்று உண்மையில் மூடியிருந்தது. அந்த ஒரு உண்மை 275 மணிச் சத்தத்தில் மூழ்கிப்போனது. பத்து நிமிடத்துக்கு ஒரு மணி என்பதே ஓர் ஆள் நிதானமாகக் கையாளக்கூடிய அளவு என்று பின்னர் வந்த தொழில் வழிகாட்டுதல் சொல்கிறது.

விசாகப்பட்டினத்தில் விஷ ஆவி பரவிய அதே மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் ஒரு பாய்லர் வெடித்தது. ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் ஐந்தாம் அலகில் இன்னொரு வெடிப்பு. அன்றே 6 பேர் இறந்தார்கள், அடுத்த நாட்களில் எண்ணிக்கை கூடியது. அந்த அலகு அப்போது மின் உற்பத்தியில் இல்லை, மறுபடி ஓடவைக்கும் முயற்சியின்போது வெடித்தது என்று அன்றைய செய்திகள் கூறின. நின்றிருக்கும் ஆலை அமைதியாகத் தெரியும். நிறுத்துவதும் மறுபடி கிளப்புவதும்தான் மூடிகள் திறந்து, வால்வுகள் பாதி திருகி, அன்றாடம் இல்லாத ஆட்கள் நடமாடும் நேரம். பராமரிப்பு வேலை பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் போவதால், இயந்திரத்தின் பழைய கதை தெரிந்தவர் ஒருவராகவும் அதைத் தொடுபவர் இன்னொருவராகவும் ஆகிவிடுகிறார்கள்.

கதை கைமாறாததன் விலையை வட கடல் கண்டது. 1988 ஜூலை 6, பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, குழாய் வாயைத் தற்காலிகத் தகட்டால் மூடினார்கள். அந்தத் தகவல் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இரவு ஆட்கள் வால்வு கழற்றிய பம்பைக் கிளப்பினார்கள். கசிவு வெடித்து 167 பேர் இறந்தார்கள்.

தம்மம்பட்டிச் சுற்றுவட்டாரத்தின் சேகோ ஆலைக்கும் மரம் அறுக்கும் பட்டறைக்கும் இது எல்லாம் பெரிய இடத்துச் சங்கதியாகத் தோன்றலாம். மோட்டாரும் பெல்ட்டும் சுழலும் ரம்பமும் அங்கும் உண்டு. அவசரமும் அங்கும் உண்டு. தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, அடிபட்டவர் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால்தான் விபத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டியிருந்தது. விரல் நூலிழையில் தப்பியது எந்தக் கணக்கிலும் வராது. விமானத் துறையில் 1976-இலிருந்து அமெரிக்காவின் நாசா இதற்கென்றே ஒரு ஏற்பாடு நடத்துகிறது. தப்பிப் பிழைத்த தவறை விமானி பெயர் வெளிவராமல் எழுதி அனுப்பலாம், லட்சக்கணக்கான அறிக்கைகள் வந்திருக்கின்றன. சின்ன ஆலைக்கு நாசா வேண்டாம். ஆளுக்கொரு பூட்டும், மின் பேனலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு கோடு போட்ட நோட்டும் போதும். கடைசியாகத் திறந்த மூடி எது, அதை மூடியவர் யார், பைபாஸ் போட்ட உணரி எத்தனை மணிக்குத் திரும்ப இணைக்கப்பட்டது என்ற மூன்று விவரமும் அதில் ஏறவேண்டும். அடுத்த ஷிஃப்டுக்காரர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஸ்டார்ட் பட்டனை அழுத்தவேண்டும்.